செர்பிய நகைச்சுவை இலக்கியமும் திரைத்தழுவல்களும்: காலம் கரக்கும் அங்கதம்

ஆய்வுச் சுருக்கம்

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உருவான செர்பிய நடப்பியல் இலக்கியம் நகைச்சுவையைத் தன் முதன்மைக் கருவிகளுள் ஒன்றாகக் கொண்டது. அம்மரபின் படைப்புகள் பல 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து திரைப்படங்களாயின. ஓர் ஆட்சியை நேரடியாகச் சாடி எழுதப்பட்ட படைப்பு, அவ்வாட்சி மறைந்தபின் திரைக்கு வரும்போது அதன் அங்கதம் என்ன ஆகிறது என்னும் வினாவை இக்கட்டுரை எழுப்புகிறது. பிரானிஸ்லாவ் நூஷிச், ஸ்தேவான் ஸ்ரேமத்ஸ், துஷான் கொவாச்செவிச் ஆகியோரின் படைப்புகளும் அவற்றின் திரைவடிவங்களும் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. சொற்கள் மாறாத நிலையிலும், காலம் மாறுவதால் செம்பொருள் அங்கதம் கரந்த அங்கதமாகக்கூடும். சில வேளைகளில் அங்கதத்தன்மையை இழந்து வெறும் காட்சியின்பமாகவும் ஆகக்கூடும் என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: செர்பிய நடப்பியல், அங்கதம், நூஷிச், ஸ்ரேமத்ஸ், கொவாச்செவிச், திரைத்தழுவல்.

முன்னுரை

இலக்கியத்தைத் திரைப்படமாக்குவது குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் 'மூலத்துக்கு உண்மையாக உள்ளதா?' என்ற வினாவிலேயே நின்றுவிடுகின்றன. எந்த நிகழ்ச்சி விடப்பட்டது, எந்தப் பாத்திரம் சேர்க்கப்பட்டது என்னும் ஒப்பீட்டுப் பட்டியல் அதன் விளைவாகக் கிடைக்கிறது. நகைச்சுவைப் படைப்புகளைப் பொறுத்தவரை இவ்வணுகுமுறை போதுமானதன்று. ஒரு துன்பியல் நாடகத்தின் சாவு நூறாண்டுகளுக்குப் பின்னும் சாவாகவே இருக்கும். ஆனால் ஒரு நகைச்சுவை நாடகத்தில் எள்ளப்படும் அதிகாரி, நாடகம் எழுதப்பட்ட நாளில் அச்சத்துக்குரியவராகவும், ஐம்பது ஆண்டுகள் கழித்து வரலாற்றுப் பொம்மையாகவும் இருக்கக்கூடும். உரையாடல் ஒரு சொல்லும் மாறாமல் இருக்கலாம்; சிரிப்பு மாறிவிடுகிறது.

செர்பிய இலக்கியம் இவ்வினாவை ஆராய்வதற்குத் தகுந்த களமாக அமைகிறது. கடந்த ஒன்றரை நூற்றாண்டில் அந்நிலப்பகுதி முடியாட்சி, போர், ஆக்கிரமிப்பு, சோசலிசக் கூட்டாட்சி, கூட்டாட்சியின் சிதைவு எனப் பல ஆட்சிமுறைகளைக் கண்டது. ஒவ்வோர் ஆட்சியும் முந்தைய ஆட்சியின் நகைச்சுவையை எடுத்து மேடையேற்றியது, படமாக்கியது. ஆகவே ஒரே சிரிப்பு எத்தனை முறை பொருள் மாறுகிறது என்பதை இங்குக் காணமுடிகிறது.

1. செர்பிய நடப்பியலின் பின்புலம்

ஒட்டோமான் பேரரசின் கீழ் 1830இல் தன்னாட்சி பெற்ற செர்பியா, 1878ஆம் ஆண்டின் பெர்லின் மாநாட்டில் விடுதலை பெற்ற நாடாக ஏற்கப்பட்டது. 1882இல் ஒப்ரெனோவிச் மரபினரான மிலான் மன்னராக முடிசூடியதும் அது முடியரசாயிற்று. பானாத், பாச்கா முதலிய வடபகுதிகளின் செர்பியர்கள் ஹாப்ஸ்பர்க் ஆட்சியின் கீழ் வாழ்ந்தனர். தெற்கில் நீஷ் நகரம் 1878இல்தான் செர்பியாவோடு சேர்ந்தது. இவ்வாறு மூன்று வேறுபட்ட ஆட்சிமரபுகளின் மக்கள் ஒரே மொழியின் இலக்கியத்துக்குப் பொருளாயினர்.

புதிய அரசுக்கு எழுத்தர்கள், காவல் அலுவலர்கள், வரி தண்டுவோர், ஆசிரியர்கள் தேவைப்பட்டனர். உழவர் சமூகத்தின் நடுவே திடீரென முளைத்த இந்த அலுவலர் வகுப்பே செர்பிய நகைச்சுவையின் நிலைத்த இலக்காயிற்று. ஸ்வெத்தோசார் மார்க்கோவிச் (1846–1875) 1868இலும் 1870இலும் எழுதிய கட்டுரைகளில், இலக்கியம் மக்களின் உண்மை வாழ்வைக் காட்டவேண்டும் என வலியுறுத்தி நடப்பியலுக்குக் கொள்கை அடிப்படை அமைத்தார். கோகோலின் 'இறந்த ஆன்மாக்கள்' நாவலைச் செர்பியத்தில் பெயர்த்த மிலோவான் கிளிஷிச் (1847–1908), கிராமத்து உழவனை ஏய்க்கும் அலுவலர்களையும் வட்டிக்காரர்களையும் தம் சிறுகதைகளில் எள்ளினார். ராதோயே தோமானோவிச் (1873–1908) இன்னும் கூர்மையானவர். நெற்றியில் சூட்டுக்குறி பொறிக்கப்படுவதைப் பெருமையாகக் கருதி வரிசையில் நிற்கும் குடிமக்களை அவரது 'தாங்கா' (1899) காட்டுகிறது.

இம்மரபுக்கு முன்னோடியாக யோவான் ஸ்தெரியா போபோவிச் (1806–1856) விளங்கினார். அவருடைய நகைச்சுவை நாடகங்கள் கஞ்சன், பொய்யன், பகட்டுக்காரி என்னும் மனிதக் குறைகளை மையமாகக் கொண்டவை. நடப்பியலாளர் காலத்தில் இலக்கு தனிமனிதக் குறையிலிருந்து அலுவலகத்துக்கும் அரசுக்கும் நகர்ந்தது. இந்நகர்வே நகைச்சுவையை ஆபத்துக்குரியதாக்கியது.

2. ஆய்வுக்கருவி: இருவகை அங்கதம், நால்வகை நகை

இம்மாற்றத்தை விளக்கத் தொல்காப்பியம் தரும் இரு பாகுபாடுகள் பயன்படுகின்றன. செய்யுளியல் அங்கதத்தைச் செம்பொருள், கரந்தது என இரண்டாகப் பகுக்கிறது. வெளிப்படையாக வசைகூறுவது செம்பொருள் அங்கதம். பழிக்கப்படும் பொருளை மறைத்துக் கூறுவது பழிகரப்பு எனப்படும் கரந்த அங்கதம். மெய்ப்பாட்டியல் நகைக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கு நிலைக்களன்களைச் சுட்டுகிறது. இவற்றுள் மடன் என்பதைப் பிறர் கொளுத்தியதை ஏற்று, ஏற்றதை விடாது பற்றிக்கொள்ளும் இயல்பு என உரைமரபு விளக்கும்.

தொல்காப்பியம் கூறும் கரப்பு, பாடுவோன் செய்யும் செயல். சொல்லைத் தேர்ந்து அவன் பொருளை மறைக்கிறான். இக்கட்டுரை அதனைச் சற்றே விரித்துப் பயன்படுத்துகிறது. படைப்பாளி எதையும் மறைக்காமல் எழுதிய செம்பொருள் அங்கதத்தையும், பின்வரும் காலம் கரந்த அங்கதமாக்கிவிடக்கூடும். பழைய இலக்கு மேற்பரப்பில் நிற்க, அதன் பின்னே புதிய இலக்கு ஒளிந்துகொள்கிறது.

3. நூஷிச்சின் 'சும்னிவோ லீத்சே'

பிரானிஸ்லாவ் நூஷிச் (1864–1938) பெல்கிரேடில் பிறந்தவர். 'நாரோத்னி பொஸ்லானிக்' (மக்கள் பிரதிநிதி) என்னும் தேர்தல் நகைச்சுவையை 1883இல், தம் இருபது வயதுக்குள் எழுதினார். 1885ஆம் ஆண்டின் செர்பிய–பல்கேரியப் போரில் தீரம் காட்டிய ஒரு வீரரின் இறுதி ஊர்வலத்தையும், அமைச்சர் ஒருவருடைய தாயின் ஆடம்பர இறுதி ஊர்வலத்தையும் ஒப்பிட்டு 1887இல் அவர் வெளியிட்ட கவிதை மன்னரைச் சீண்டியது. அதற்காக அவருக்குச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. பொஷாரெவாத்ஸ் சிறையில் அவர் அடைக்கப்பட்டார்.

'சும்னிவோ லீத்சே' (சந்தேகத்துக்குரிய ஆள்) இதே 1880களின் பிற்பகுதியில் எழுதப்பட்டது. தாம் கோகோலிடம் பட்ட கடனை மறைக்காமல், நாடகத்துக்கு 'கோகோலியாதா' என்றே துணைத்தலைப்பு இட்டார் நூஷிச். கோகோலின் 'அரசு ஆய்வாளர்' (1836) நாடகத்தில் ஒரு சாதாரண ஆளை மேலதிகாரி என எண்ணி ஊரே நடுங்குகிறது. நூஷிச் இதனைத் தலைகீழாக்குகிறார். இங்கு ஒரு சாதாரண ஆளை அரசின் பகைவன் என எண்ணி அலுவலகமே மகிழ்கிறது. கோகோலிடம் இயக்குவிசை அச்சம். நூஷிச்சிடம் பதவி உயர்வு ஆசை.

வட்ட ஆட்சி அதிகாரி யெரோதியேவுக்கு அமைச்சகத்திலிருந்து ஒரு மறைகுறித் தந்தி வருகிறது. முதலில் மீனும் அரசமரபும் கலந்த பிதற்றலாகவே தோன்றும் அது, பின்னர்ப் பொருள்படுகிறது. அரசமரபுக்கு எதிரான எழுத்துகளுடன் சந்தேகத்துக்குரிய ஆள் ஒருவன் அப்பகுதியில் இருக்கலாம் என்பதே செய்தி. அதே நாளில் அதிகாரியின் மகள் மாரித்சாவைக் காண, மருந்துக்கடை உதவியாளனான ஜோக்கா ஊருக்கு வந்து விடுதியில் தங்குகிறான். அவன் பிடிபடுகிறான். விசாரணையில் அவன் சட்டைப்பையிலிருந்து சலவைத்துணிப் பட்டியல் முதலியவை எடுக்கப்பட்டு, அரசுக்கு எதிரான ஆவணங்களாக முறைப்படி பதிவு செய்யப்படுகின்றன. இறுதியில் மாரித்சாவின் காதல் கடிதம் வாசிக்கப்படும்போது, தன் மகள் தன்னைப் பற்றி எழுதியிருப்பதை அதிகாரி தன் அலுவலகத்திலேயே, தன் கீழலுவலர் முன்னிலையில் கேட்க நேர்கிறது. உண்மையான சந்தேக நபர் வேறு வட்டத்தில் பிடிபட்டான் என்னும் செய்தி பின்னர் வந்து சேர்கிறது.

இந்நாடகத்தின் நுட்பம் இரண்டு சிறு கூறுகளில் அடங்கியுள்ளது. முதலாவது, யெரோதியே பிறர் கடிதங்களைப் பிரித்துப் படிப்பதில் தீராத வேட்கை உடையவர் என்பது. அரசின் கண்காணிப்பு ஒரு மனிதனின் சொந்த இன்பமாகிவிட்டது. இரண்டாவது, உளவாளி அலெக்சா தன்னை உளவாளி என ஊரறியச் சொல்லிக்கொள்கிறான் என்பது. இரகசியம் ஒரு சம்பளப் பணியாகிவிட்டது. இவ்விரண்டும் எள்ளலின்பாற்பட்ட நகையைத் தோற்றுவிப்பவை. மருந்துக்கடை உதவியாளன் குற்றவாளியாவதற்கு அவனுடைய செயல் எதுவும் தேவைப்படவில்லை. ஓர் அறிக்கை நிரப்பப்படவேண்டும் என்பதே போதுமானதாயிற்று.

இந்நாடகம் எழுதப்பட்டவுடன் மேடையேற இயலவில்லை. 1903இல் ஒப்ரெனோவிச் மரபின் இறுதி மன்னர் அலெக்சாண்டர் கொல்லப்பட்டு, ஆட்சி கரஜோர்ஜெவிச் மரபுக்கு மாறியது. அதன்பின் இரு பால்கன் போர்களும் முதல் உலகப்போரும் நடந்தன. நாடகம் 1923இல்தான் மேடையைக் கண்டது. தன் இலக்கான அரசமரபு மறையும்வரை இந்தச் சிரிப்பு காத்திருக்க வேண்டியிருந்தது.

4. 1954: மறைந்த முடியாட்சியைப் பார்த்துச் சிரித்தல்

1954இல் 'சும்னிவோ லீத்சே' திரைப்படமாக வெளிவந்தது. சோயா யோவானோவிச் (1922–2002), ப்ரெத்ராக் தினுலோவிச் ஆகிய இருவரும் அதனை இயக்கினர். நாடக அரங்கிலிருந்து வந்த சோயா யோவானோவிச், யூகோஸ்லாவியாவின் முதல் பெண் திரை இயக்குநராகக் கருதப்படுபவர்.

முடியாட்சி 1945இல் ஒழிக்கப்பட்டுவிட்டது. ஆகவே பழைய முடியரசின் ஊழல் அலுவலரைக் கேலிசெய்யும் படம், புதிய சோசலிச அரசுக்கு இடர் விளைவிப்பதாகத் தோன்ற வாய்ப்பில்லை. மாறாக, கடந்தகாலம் எவ்வளவு நகைப்புக்குரியது என்பதற்குச் சான்றாக அமையும். 1950களின் யூகோஸ்லாவியத் திரையுலகில் 19ஆம் நூற்றாண்டு நகைச்சுவைக்குக் கிடைத்த வரவேற்புக்கு இதனையும் ஒரு காரணமாகக் கொள்ளலாம். மேற்பரப்பில் இது முற்றிலும் பாதுகாப்பான சிரிப்பு.

ஆயின் படம் வெளிவந்த ஆண்டு நோக்கத்தக்கது. 1948 ஜூனில் கோமின்ஃபார்ம் அமைப்பு யூகோஸ்லாவியக் கட்சியை வெளியேற்றியதும், ஸ்டாலினின் பக்கம் சாய்ந்தவர்கள் எனக் கருதப்பட்டோர் தேடப்பட்டனர். 1949 முதல் 1956 வரை அத்ரியாத்திக் கடலின் கோலி ஒத்தோக் தீவில் அத்தகையோருக்கான முகாம் இயங்கியது. ஒரு சொல், ஒரு தயக்கம், ஒரு நண்பரின் வாக்குமூலம் ஆகியவற்றால் ஒருவர் சந்தேகத்துக்குரியவராகிவிடக்கூடிய காலம் அது. அக்காலத்துப் பார்வையாளர் முன், சட்டைப்பையின் சலவைப் பட்டியலை அரச விரோத ஆவணமாகப் பதிவுசெய்யும் அலுவலரைத் திரை காட்டியது. மீசையும் சீருடையும் பழைய செர்பியாவினுடையவை. சந்தேகத்தின் இயங்குமுறை எந்த அரசுக்கும் உரியது.

இவ்விடத்தில் நூஷிச்சின் செம்பொருள் அங்கதம் கரந்த அங்கதமாகும் தகுதியைப் பெறுகிறது. இயக்குநர்கள் அதனை நோக்கமாகக் கொண்டனர் என்று வாதிடுவது தேவையற்றது. மறைப்பைச் செய்தது காலம். ஒப்ரெனோவிச் மரபு என்னும் இறந்துபோன இலக்கு, உயிரோடுள்ள மற்றோர் இலக்குக்குத் திரையாக அமைந்தது.

5. ஸ்ரேமத்ஸ்: குரலிலிருந்து வண்ணத்துக்கு

ஸ்தேவான் ஸ்ரேமத்ஸ் (1855–1906) பாச்கா பகுதியின் சேந்தா நகரில் பிறந்து, விடுதலைக்குப் பிந்தைய நீஷ் நகரில் ஆசிரியராகப் பணியாற்றியவர். நூஷிச்சைப் போல அவர் ஆட்சியை எதிர்த்தவர் அல்லர். மறையும் பழைய வாழ்முறையின்மீது பற்றுக்கொண்டவர். ஆகவே அவரது நகை எள்ளலைவிடப் பேதைமையையே மிகுதியும் நிலைக்களனாகக் கொள்கிறது.

1898இல் நூலாக வந்த 'போப் சீராவும் போப் ஸ்பீராவும்' நாவல் பானாத் கிராமம் ஒன்றில் நிகழ்கிறது. ஊருக்கு வரும் இளம் ஆசிரியனைத் தம்தம் மகளுக்கு மணமுடிக்க இரு பாதிரியார்களின் மனைவியரும் போட்டியிடுகின்றனர். போட்டி பகையாகி, பாதிரியார்கள் கைகலக்கின்றனர்; சீராவின் பல் ஒன்று விழுகிறது. அந்தப் பல்லைச் சான்றாகக் கொண்டு ஆயரிடம் வழக்குரைக்கப் புறப்படுகின்றனர். வழியில் மனிதப் பல்லுக்குப் பதிலாகக் குதிரைப் பல் மாற்றி வைக்கப்பட, வழக்கு நகைப்புக்கிடமாகிறது.

நாவலின் சுவை இக்கதையில் மட்டும் இல்லை. எடுத்துரைக்கும் குரலில் அது பெரிதும் தங்கியுள்ளது. ஒவ்வோர் இயலின் தலைப்பும் நீண்ட வாக்கியமாக அமைந்து, அடுத்து வருவதை அறிவிப்பதுபோல் வாசகரைச் சீண்டுகிறது. கதைசொல்லி விலகிச் செல்கிறார், திரும்பி வருகிறார், ஊர்ப்பெண்டிரின் வம்பை அவர்களுடைய நடையிலேயே சொல்கிறார். பாதிரியார்களை அவர் எள்ளுகிறாரா, அன்பு செலுத்துகிறாரா என்பது அக்குரலின் ஏற்ற இறக்கத்தில்தான் தெரியும்.

சோயா யோவானோவிச் 1957இல் இந்நாவலைப் படமாக்கினார். யூகோஸ்லாவியாவின் முதல் வண்ணக் கதைப்படமாகக் குறிப்பிடப்படும் இப்படம், புலா திரைப்பட விழாவில் அவருக்குச் சிறந்த இயக்குநருக்கான பொன் அரேனா விருதைப் பெற்றுத் தந்தது. கதைசொல்லியின் குரலைத் திரைக்குக் கொண்டுவருவது எளிதன்று. அதன் இடத்தை வண்ணமும் உடையும் சமையலறையும் முற்றமும் நடிகரின் உடல்மொழியும் நிரப்புகின்றன.

இம்மாற்றத்தில் ஓர் இழப்பும் உண்டு. நாவலில் கதைசொல்லியின் அன்பு பாதிரியார்களைக் காக்கிறது. குரல் விலகியதும், அடித்துக்கொள்ளும் இரு மதகுருமார் என்னும் காட்சியே எஞ்சுகிறது. சமயத்துக்கு அதிகாரம் மறுக்கப்பட்ட ஓர் அரசில் அக்காட்சி மூலத்தைவிடக் கடுமையான எள்ளலாகத் தோன்ற இடமுண்டு. நூஷிச்சின் படைப்பில் காலம் அங்கதத்தைக் கரந்தது. ஸ்ரேமத்ஸின் படைப்பில் அங்கதம் அல்லாத ஒன்றைக் காலம் அங்கதமாக்கியது.

6. 'கொஸ்போஜா மினிஸ்தார்கா': மாறாத நாற்காலி

1929இல் மேடையேறிய நூஷிச்சின் 'கொஸ்போஜா மினிஸ்தார்கா' (அமைச்சரின் மனைவி) நாடகத்தில் நாயகி ஷிவ்காவாக நடித்தவர் புகழ்பெற்ற நடிகை ஷான்கா ஸ்தோகிச் (1887–1947). கணவன் அமைச்சரானதும் கடன்பட்ட ஒரு குடும்பத்தலைவி நிலைதடுமாறுகிறாள். மணமான மகளைக் கணவனிடமிருந்து பிரித்து, நிகராகுவா நாட்டின் மதிப்புறு தூதர் என்னும் பட்டம் பெற்ற ஒரு தோல் வணிகருக்கு மணமுடிக்கத் திட்டமிடுகிறாள். உறவினர் அனைவரும் சலுகை கேட்டு வரிசையில் நிற்கின்றனர். அமைச்சர் பதவி பறிபோனதும் அனைத்தும் சரிகின்றன.

இந்நாடகத்தின் முன்னுரையில் நூஷிச் தம் நகைச்சுவைக் கொள்கையை விளக்குகிறார். சமூகத்தில் இயல்பு வாழ்க்கை ஒரு கோடு போல ஓடுகிறது. பெருவீரரும் பெருங்குற்றவாளியும் அக்கோட்டிலிருந்து வெகுதொலைவு விலகுவோர். நகைச்சுவைக்கு உரியவர்களோ கோட்டின்மேலேயே வாழப் பிறந்து, ஏதோ ஒரு காற்றால் மேலே தூக்கப்பட்டுப் பின் விழுவோர். இக்கருத்து அவருடைய நாடகங்கள் அனைத்துக்கும் திறவுகோலாகும்.

1958இல் ஜோர்ஜ் ஸ்க்ரிகின் இதனைப் படமாக்கினார். ஷிவ்காவாக லூபின்கா போபிச் நடித்தார். ஷிவ்காவின் தொப்பியும் வண்டியும் பழைய பெல்கிரேடினுடையவை. ஆனால் அமைச்சர் என்னும் நாற்காலியும், அதனைச் சுற்றி வளரும் உறவுக்கூட்டமும் முடியாட்சியோடு மறைந்துவிடவில்லை. எனவே இப்படத்தின் அங்கதம், காலம் கடந்தும் தன் இலக்கை இழக்காத வகையைச் சேர்ந்தது.

7. 'பால்கன்ஸ்கி ஷ்பியூன்': சந்தேகம் வீட்டுக்குள் வருதல்

நூஷிச்சின் மரபை 20ஆம் நூற்றாண்டின் இறுதிப்பகுதிக்குக் கொண்டுவந்தவர் துஷான் கொவாச்செவிச் (1948இல் பிறந்தவர்). அவருடைய 'பால்கன்ஸ்கி ஷ்பியூன்' (பால்கன் உளவாளி) நாடகம் 1983இல் பெல்கிரேடின் யூகோஸ்லாவிய நாடக அரங்கில் மேடையேறியது. 1984இல் கொவாச்செவிச்சும் போஷிதார் நிகோலிச்சும் இணைந்து அதனைத் திரைப்படமாக இயக்கினர். மேடையிலும் திரையிலும் நாயகன் இலியா ச்வோரோவிச்சாக நடித்தவர் தானிலோ பாத்தா ஸ்தோய்கோவிச்.

இலியா முன்பு ஸ்டாலின் ஆதரவாளராகச் சிறை சென்று மீண்டவர். அவருடைய வீட்டில் குடியிருப்பவர் பாரிசில் இருபது ஆண்டுகள் வாழ்ந்து திரும்பிய ஒரு தையல் தொழிலர். அவரைப் பற்றிச் சில வழக்கமான வினாக்களைக் கேட்கக் காவல்துறை இலியாவை ஒருமுறை அழைக்கிறது. அவ்வளவே. காவல்துறை விடயத்தை அத்துடன் முடித்துக்கொள்கிறது. இலியாவால் முடித்துக்கொள்ள இயலவில்லை. குடியிருப்பவரைப் பின்தொடர்கிறார், ஒளிப்படம் எடுக்கிறார், அவருடைய நண்பர்களைச் சதிக்கூட்டமாகக் காண்கிறார். சகோதரன் ஜூரா துணைசேர்கிறான். கணவன் மனம் பேதலித்துவிட்டதாக முதலில் அஞ்சிய மனைவி தானித்சாவும் மெல்ல மெல்ல நம்பத் தொடங்குகிறாள். இறுதியில் குடியிருப்பவர் நாற்காலியில் கட்டப்பட்டு விசாரிக்கப்படுகிறார். மாரடைப்பால் விழுந்த இலியா, தப்பிச் செல்லும் அவரைத் தெருவில் தவழ்ந்தபடியே பின்தொடர்வதோடு படம் முடிகிறது.

நூஷிச்சின் நாடகத்தோடு இதனை அருகில் வைத்து நோக்கினால் நூறாண்டுகளின் மாற்றம் புலப்படும். யெரோதியேவுக்கு மேலிடத்திலிருந்து தந்தி வந்தது. இலியாவுக்கு ஒரு வினாவே போதுமானதாயிற்று. அலெக்சா ஊதியம் பெறும் உளவாளி. இலியா ஊதியம் இன்றித் தன் பொருளையும் உடல்நலத்தையும் செலவிடும் உளவாளி. யெரோதியே பதவி உயர்வை விரும்பினார்; இலியா நாட்டைக் காப்பதாக மெய்யாகவே நம்புகிறார். முன்னதில் தவறு வெளிப்பட்டதும் அலுவலகத்தின் கட்டுக்கதை சரிந்துவிடும். பின்னதில் எந்தச் சான்றும் நம்பிக்கையை அசைப்பதில்லை. குற்றமின்மையே தேர்ந்த சதிகாரன் என்பதற்குச் சான்றாகிவிடுகிறது.

இங்கு நகையின் நிலைக்களன் மடன் ஆகும். ஒருகாலத்தில் அரசு இலியாவைச் சந்தேகித்தது. சந்தேகிப்பது எப்படி என்பதையும் கற்பித்தது. கொளுத்தியதை அவர் கொண்டார், கொண்டதை விடவில்லை. தன்னைச் சிறையிட்ட முறையையே அவர் மற்றொருவர்மீது பயன்படுத்துகிறார். ஆகவே பார்வையாளரின் சிரிப்பு இடையிலேயே அச்சமாகத் திரும்புகிறது. எள்ளல் சிரிப்போனை எள்ளப்படுவோனிடமிருந்து பிரிக்கும். மடன் அத்தகைய பாதுகாப்பைத் தருவதில்லை.

தீத்தோ 1980இல் மறைந்தார். ஆனால் அவர் அமைத்த அரசு 1984இல் நிலைபெற்றிருந்தது. 1954ஆம் ஆண்டின் படம் மறைந்த அரசின் உடையில் சிரித்தது. இப்படமோ தன் காலத்தின் உடையிலேயே, தன் காலத்தின் வீட்டுக்குள்ளேயே சிரித்தது. முப்பது ஆண்டுகள் கரந்திருந்த அங்கதம் இங்கு மீண்டும் செம்பொருளாயிற்று எனலாம்.

8. 2002: இலக்கற்ற சிரிப்பு

ஸ்ரேமத்ஸின் 'சோனா சம்ஃபீரோவா' நீஷ் நகரத்துக் கதை. செல்வர் சம்ஃபீரின் மகள் சோனாவுக்கும் பொற்கொல்லன் மானேவுக்கும் இடையே வகுப்பு வேறுபாடு தடையாகிறது. அவமதிக்கப்பட்ட மானே, சோனா தன்னோடு ஓடிவந்துவிட்டதாக ஊர் நம்பும்படி ஒரு பொய்க்காட்சியை அரங்கேற்றுகிறான். வதந்தி அவளது நற்பெயரைக் குலைக்கிறது. முடிவில் திருமணம் நிகழ்கிறது. ஒட்டோமான் காலத்து வாழ்முறை மறையும் தறுவாயில் நீஷ் நகரின் வட்டாரமொழியை உரையாடலில் பதிவு செய்தமையால் இப்படைப்பு மொழியியல் மதிப்பும் உடையது.

ஸ்த்ராவ்கோ ஷோத்ராவின் இயக்கத்தில் 2002இல் இது திரைப்படமாகிப் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பார்வையாளர்களை ஈர்த்தது. 2005இல் ஸ்ரேமத்ஸின் 'இவ்கோவா ஸ்லாவா'வையும் ஷோத்ரா படமாக்கினார். பத்தாண்டுப் போர், பொருளாதாரத் தடை, பணவீக்கம், 1999ஆம் ஆண்டின் நேட்டோ குண்டுவீச்சு, 2000 அக்டோபரில் மிலோஷெவிச்சின் வீழ்ச்சி ஆகியவற்றுக்குப் பின் வந்த படம் அது. பட்டாடை, இசை, முற்றத்து மரநிழல் என விரியும் அக்காட்சிகளில் அச்சத்துக்குரிய அதிகாரி எவரும் இல்லை.

இங்குக் கரப்பு இல்லை. கரப்பதற்கு இலக்கும் இல்லை. இதனைக் குறையாக மட்டும் கொள்ளல் பொருந்தாது. களைத்துப்போன ஒரு சமூகத்துக்குத் தீங்கற்ற சிரிப்பும் தேவையே. ஆயினும் நாவலின் மையத்தில் ஒரு பெண்ணின் வாழ்வை ஊர்வாய் குலைக்கும் கொடுமை உள்ளது. மானேயின் சூழ்ச்சி உண்மையில் சோனாவைச் 'சந்தேகத்துக்குரிய ஆள்' ஆக்குகிறது. இங்கு வழக்குத் தொடுப்பது அரசன்று, ஊர். பட்டாடையின் ஒளியில் அக்கொடுமை இனிய காதல் விளையாட்டாகக் கரைந்துவிடும் இடர் இத்தகைய தழுவலில் உண்டு.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படுவன வருமாறு.

நகைச்சுவைப் படைப்பின் திரைத்தழுவலை மதிப்பிட, மூலத்தோடு அது ஒத்துள்ளதா என்னும் வினா மட்டும் போதாது. சிரிப்புக்கும் அதன் இலக்குக்கும் இடைப்பட்ட காலத்தொலைவு அளக்கப்படவேண்டும்.

1880களில் எழுதப்பட்டு 1923இல் மேடையேறி 1954இல் திரைக்கு வந்த 'சும்னிவோ லீத்சே', செம்பொருள் அங்கதம் தன் சொற்கள் மாறாமலே கரந்த அங்கதமாகக்கூடும் என்பதைக் காட்டுகிறது. 1957இன் 'போப் சீராவும் போப் ஸ்பீராவும்', அன்போடு எழுதப்பட்டது எள்ளலாகத் தோன்றக்கூடும் என்பதை உணர்த்துகிறது. 1984இன் 'பால்கன்ஸ்கி ஷ்பியூன்' நூஷிச்சின் கருவைத் தன் காலத்துக்கு மீட்டு, அலுவலகத்தின் சந்தேகத்தைக் குடிமகனின் நெஞ்சில் காண்கிறது. 2002இன் 'சோனா சம்ஃபீரோவா' அங்கதத்தை ஏக்கமாக மாற்றுகிறது.

தொல்காப்பியம் சுட்டும் கரப்பு, எழுதுவோனின் திறமாக மட்டும் அன்றி, காலத்தின் செயலாகவும் அமையக்கூடும் என்பது இதனால் தெளிவாகும். மறைந்த ஆட்சியைப் பார்த்துச் சிரிக்க ஓர் அரசு தாராளமாக இசையும்போது, அச்சிரிப்பு வேறு எதனைத் தொடுகிறது என வினவுவது தழுவல் ஆய்வின் கடமையாகும். யெரோதியேயின் மேசைமீது கிடந்த சலவைப் பட்டியல் 1923, 1954 ஆகிய இரு காலங்களிலும் ஒன்றே. அதனைக் கண்டு சிரித்தவர்கள் அஞ்சியது ஒன்றன்று.